தாங்குதல், தப்பித்தல், எதிர்த்தல்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீடுகளில் "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்ற பழமொழியை யாரும் முழுதாக நம்பிவிட மாட்டார்கள். நூல் மட்டும் சேலை ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும். சாயம் இருக்கிறது, தறி இருக்கிறது, நெய்கிறவரின் இடுப்புவலி இருக்கிறது. ஆனாலும் பெண் பார்க்கக் கிளம்பும்போது அதே பழமொழிதான் எல்லோர் வாயிலும் வரும். என் அக்காவைப் பெண் பார்க்கப் பழையசீவரத்துக்கு வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். "அம்மா பொறுமைசாலின்னு ஊரே சொல்லுது. பொண்ணு வேற எப்படி இருக்கும்?" அக்காவுக்கு அப்போது 19 வயது. அவள் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி அவர்கள் கேட்டதில்லை. பொறுமை அவள் ரத்தத்திலேயே இருக்கும் என்று முடிவுசெய்து தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த முடிவின் மேல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அது என்ன வகைத் தவறு என்பது போன மார்கழியில்தான் விளங்கியது. விளங்க வைத்தது ஒரு நெல் வயல்.

அந்த மார்கழியில் ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. என் தம்பியின் கழனியில் குலைநோய் விழுந்தது. கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்த அக்காவின் மகள் ஒரு பையோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் இருந்ததை மஞ்சள் பூசி மறைத்திருந்தாள்.

முதலில் கழனியைச் சொல்கிறேன். தம்பி சம்பாப் பட்டத்தில் போட்டிருந்தது பி.பி.டி. 5204; எங்கள் பக்கத்தில் ஆந்திரா பொன்னி என்பார்கள். சன்ன அரிசி, வியாபாரி கேட்டு வாங்குவார். ஆனால் குலைநோய்க்கு எளிதில் இடம் கொடுக்கிற ரகம். யூரியாவை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டிருந்தான். பயிர் கரும்பச்சையாகத் திமிறி நின்றது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று ஊரே சொன்னது. பிறகு பாலாற்றுப் பக்கமிருந்து பனி இறங்கியது. காலை ஒன்பது மணிவரை இலைகளில் ஈரம் காயவில்லை. இலைகளில் கண் வடிவத்தில் புள்ளிகள் வந்தன, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. அடுத்து கதிரின் கழுத்து கறுத்தது. பால் பிடிக்க வேண்டிய மணிகள் பதராகி வெளுத்து நின்றன. முளை எதையும் சொல்லியிருக்கவில்லை.

பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் ஓர் இளம்பெண். வரப்போரமாகச் சில தூர்கள் மட்டும் பழுதில்லாமல் நிற்பதைக் காட்டி, "இதுங்களுக்கு மட்டும் சக்தி அதிகமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நல்லா நிக்குதேன்னு உடனே சக்தின்னு சொல்ல முடியாது மேடம். மூணு காரணம் இருக்கலாம். எதிர்த்து நிக்கலாம், தாங்கிக்கிட்டு நிக்கலாம், இல்ல சும்மா தப்பிச்சிருக்கலாம். இங்க எல்லாம் ஒரே ரகம். அதனால இதுங்க அநேகமாத் தப்பிச்சதுதான். காத்து இந்தப் பக்கம் அடிச்சிருக்காது, வெயில் சீக்கிரம் பட்டிருக்கும்."

மூன்று சொற்கள். தமிழ் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற நான், இந்த மூன்றையும் ஒரே பொருளில் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குலைநோய்ப் பூஞ்சையின் வித்து கண்ணுக்குத் தெரியாதது. ஈரமான இலைமேல் ஒட்டிக்கொண்டு முளைவிட்டு, ஒரு சிறு குமிழாக உருவாகி, தனக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது. கார் டயருக்குள் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு அழுத்தம். அந்த விசையில் இலைத்தோலைக் குத்தி உள்ளே போகிறது. எதிர்ப்பு மரபணு உள்ள பயிர் என்றால், நுழைந்தவனை அந்த இடத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறது. நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள தன் செல்கள் சிலவற்றைத் தானே சாகவிட்டு, பூஞ்சைக்கு அடுத்த அடி வைக்க உயிருள்ள இடம் இல்லாமல் செய்கிறது. இலையில் மிஞ்சுவது குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளி.

தாங்குகிற பயிர் அப்படிச் செய்வதில்லை. பூஞ்சை உள்ளே வந்து தங்கி, தின்று, பெருகுகிறது. ஆனாலும் பயிர் எப்படியோ மணி பிடித்து விளைச்சலைக் கொடுத்துவிடுகிறது. விவசாயி களத்தில் மூட்டைகளை எண்ணிப் பார்த்தால் குறை தெரியாது. இலையைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். தப்பித்த பயிரிடம் இரண்டுமே இருக்க வேண்டியதில்லை. நோய் அதன் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த எதிர்ப்பு எப்படித் தலைமுறை இறங்குகிறது என்ற கேள்விக்கு முதலில் பதில் கிடைத்தது கோதுமையில். 1905இல் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன், மஞ்சள் துருநோயை எதிர்க்கிற கோதுமையையும் அதற்கு விழுகிற கோதுமையையும் கலந்த சோதனையைப் பதிவுசெய்தார். முதல் தலைமுறை முழுவதும் துருப்பிடித்தது. எதிர்ப்பு தொலைந்துவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். அதற்கடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு செடி துருவில்லாமல் நின்றது. பட்டாணியில் மெண்டல் கண்ட அதே கணக்கு. அதே கேம்பிரிட்ஜில் எடித் சாண்டர்ஸும் நியூன்ஹாம் கல்லூரிப் பெண்கள் பலரும் பேட்சனோடு சேர்ந்து மரபியல் என்ற துறையையே கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1948 வரை ஆயிற்று.

பிஃபனின் கோதுமையைப் பற்றிப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கவிதை எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் வேண்டுமா? பாட்டியிடம் இருந்த எதிர்ப்பு அம்மாவிடம் ஒளிந்திருந்து பேத்தியிடம் வெளிப்படுகிறது! திண்ணையில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு இதையே ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்தபோது பயமாக இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பொறுமை ரத்தத்தில் இருக்கிறது என்றார்கள். நான் எதிர்ப்பு ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லப் போகிறேன். இரண்டு பேரும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். எதிர்ப்பு பிறவிக்குணம் என்றால், எதிர்க்க முடியாமல் போனவள் பிறவியிலேயே குறையுள்ளவள் என்றாகிவிடும். மரபியலின் அந்த முதல் ஆண்டுகளிலேயே மனிதர்களையும் நல்ல வித்து, கெட்ட வித்து என்று பிரிக்கக் கிளம்பியவர்கள் இருந்தார்கள். அது எங்கே போய் முடிந்தது என்பது நமக்குத் தெரியும். பெண் பார்க்கும் சடங்கிலும் அந்தக் கண்தான் இருக்கிறது, விதைநெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற கண். நெல்லை அப்படிப் பார்க்கலாம். நெல்லுக்கு மனம் நோகாது.

நான் நெல்லிடமிருந்து எடுத்துக்கொள்ள நினைப்பது பரம்பரையை அல்ல, அந்த அலுவலர் பிரித்துக் காட்டிய மூன்று சொற்களை.

திண்ணையில் அன்று நடந்தது இது. அம்மா அழுதுகொண்டே பேத்தியிடம் சொன்னாள்: "உங்கம்மா தாங்கலையா? நான் தாங்கலையா? நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்குடி. கொஞ்ச நாள் பொறுத்துக்கினு இரு, எல்லாம் சரியாப் பூடும்." அக்கா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சில் அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். அன்று போகவில்லை.

"நான் தாங்கினேம்மா. நான் தாங்கினதாலதான இவளையும் தாங்கச் சொல்றீங்க."

பிறகு யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ அறுந்தது. அக்காவைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். தலைப்பு 'பாறை'. எத்தனை வெள்ளம் வந்தாலும் நகராத பாறை என்று அவளைப் பாடியிருந்தேன். மேடைகளில் வாசித்திருக்கிறேன், கைதட்டு வாங்கியிருக்கிறேன், மாணவிகள் கண்கலங்கியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் உரைநடையில் சொன்னதை நான் கவிதையில் சொல்லியிருந்தேன்.

தாங்குகிற பயிரைப் பற்றி நோயியல் படித்தவர்கள் எச்சரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அதன் இலைகளில் பூஞ்சை தங்குதடையில்லாமல் பெருகுகிறது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஆயிரக்கணக்கான வித்துகள் கிளம்பி அடுத்த தூருக்கும் அடுத்த கழனிக்கும் போகின்றன. விளைச்சல் குறையாததால் இங்கே நோய் இருக்கிறது என்றே யாருக்கும் உறைப்பதில்லை. அக்காவின் வீட்டில் முப்பது ஆண்டுகளில் ஒரு பொங்கல்கூட நின்றதில்லை, ஒரு சீர்கூடக் குறைந்ததில்லை. களத்தில் மூட்டைக் கணக்கு சரியாக இருந்தது. அதனால் அவளுடைய வாழ்க்கை ஒரு முன்னுதாரணமாகி, அவள் மகளின் முன் வைக்கப்பட்டது.

இதைச் சொன்னால், தாங்கியவள்மேல் பழிபோடுகிறாயா என்று கேட்கலாம். இல்லை. அந்த வித்துகள் பூஞ்சையினுடையவை, இலையினுடையவை அல்ல. அடித்தவனின் பொறுப்பை அடிபட்டவளின் தலையில் ஏற்றுவதற்கு நம் ஊரில் ஏற்கெனவே ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு: தாங்குதலைப் புகழ்கிற நாம் யார்? அந்தப் புகழால் யாருடைய மூட்டைகள் நிறைகின்றன?

மூன்றாவது சொல்லுக்கு வருகிறேன். அது என்னைப் பற்றியது.

நெல்லில் எதிர்ப்பைச் சோதிக்க நோய் நாற்றங்கால் என்று ஒன்று போடுவார்கள். நோய் இல்லாத இடத்தில் எல்லா ரகமும் வீரன்தான். அதனால் சோதிக்க வேண்டிய ரகங்களைச் சுற்றி, நோய்க்கு எளிதில் விழுகிற ரகத்தை ஓரத்து வரிசையாக விதைப்பார்கள். அந்த வரிசை முதலில் நோயை வாங்கி மற்றவற்றுக்குப் பரப்பும். இந்தியாவில் இதற்குப் பயன்பட்ட ரகங்களில் ஒன்று கோயம்புத்தூரில் உருவான கோ 39. அதனிடம் எதிர்ப்பு மிகக் குறைவு என்பதாலேயே, பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குலைநோய் எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றி, எந்த மரபணு எந்தப் பூஞ்சை வகையை நிறுத்துகிறது என்று பார்த்தார்கள். விழுந்துகொண்டே இருந்த ஒரு ரகத்தை வைத்துத்தான் நிற்பது எப்படி என்பதைக் கற்றார்கள்.

எங்கள் வீட்டில் ஓரத்து வரிசை அக்கா. அவள் பத்தாவதோடு நின்று தறிக்குப் போனாள். அந்தக் கூலியில்தான் என் பள்ளிக்கூடச் செலவு நடந்தது. அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு, "ஒருத்திய அனுப்பியாச்சு, இவ படிக்கட்டும்" என்றார் அப்பா. பழையசீவரம் ஸ்டேஷனில் ரயிலேறி நான் கல்லூரிக்குப் போனேன். எம்.ஏ. கட்டணத்துக்கு அக்காவின் கம்மல் அடகுக்குப் போனது. அதற்காக அவள் வீட்டில் என்ன வாங்கிக்கட்டிக்கொண்டாள் என்பதை இந்த மார்கழியில்தான் சொன்னாள். நான் எனக்குப் பிடித்தவரை என் முப்பதாவது வயதில் மணந்தேன். என்மேல் யாரும் கை ஓங்கியதில்லை. இதையெல்லாம் என் எதிர்ப்பு என்று நினைத்திருந்தேன். கூட்டங்களில் அப்படித்தான் பேசியும் இருக்கிறேன். உண்மையில் நான் தப்பித்தவள். நோய் வந்த பக்கத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள்.

தப்பித்ததில் குற்றமில்லை. எல்லாப் பெண்களும் தப்பிக்கத்தான் வேண்டும். தப்பித்ததை எதிர்ப்பு என்று எண்ணிக்கொண்டு, "நான் நிற்கவில்லையா, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று கேட்பதில்தான் குற்றம் தொடங்குகிறது. படித்த பெண்களாகிய நாம் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. முகத்தில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவிகள் என் அறைக்கு வந்து பாதி சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் போயிருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துத்தான் போயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அப்படியானால் எதிர்ப்பு என்பது என்ன? அதை ஒற்றை வீராங்கனையின் குணமாக நினைப்பதும் சரியில்லை என்றுதான் பயிர்களின் வரலாறு சொல்கிறது. 1919இல் தஞ்சாவூர் டெல்டாவைக் குலைநோய் சூறையாடியது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4 நோயை எதிர்த்து நின்றது. அதை ஆடுதுறை 10 ரகத்தோடு கலந்து கோ 25ஐ உருவாக்கினார்கள். வேலை அதோடு முடிந்துவிடவில்லை. ஒரே ஓர் எதிர்ப்பு மரபணுவை நம்பி ஊர் முழுக்க ஒரே ரகத்தைப் போட்டால், பூஞ்சை தன்னை மாற்றிக்கொள்கிறது. உலகின் பல நாடுகளில் கோதுமைக்குக் காவலாக இருந்த எஸ்ஆர் 31 என்ற மரபணுவை உகாண்டாவில் தோன்றிய ஒரு தண்டுத்துரு வகை உடைத்தது. அதற்கு யுஜி 99 என்று பெயர். எதிர்ப்பு நிலைக்க வேண்டுமானால் பல மரபணுக்கள் வேண்டும், பல ரகங்கள் வேண்டும், மறக்கப்பட்டவற்றையும் தேடிப்போக வேண்டும். அல்வாவுக்கும் ரவைக்கும் நாம் வாங்குகிற சம்பா கோதுமை இருக்கிறதே, அந்தப் பழைய இனத்தில் உள்ள துரு எதிர்ப்பைக்கூடக் கோதுமை வளர்ப்பவர்கள் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் எதிர்க்கிற வீட்டில் அவளைச் சமாளிக்கும் வழியை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டு பேர், நான்கு பேர், தெருவில் ஒருத்தி, காவல் நிலையத்தில் ஒருத்தி, கல்லூரியில் ஒருத்தி என்று இருந்தால் அது எளிதல்ல.

மரபணு மட்டும் போதாது, மண்ணும் பார்க்க வேண்டும். தம்பியின் கழனியில் யூரியா அதிகம், அதனால் இலை மென்மை, அதனால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பனியைத் தடுக்க முடியாது, உரத்தை அளந்து போட முடியும். பெண்ணின் மண் எது? எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதற்குச் சர்வே எண் உண்டு. தமிழ்நாட்டில் 1989இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கைக் கொடுத்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா இறந்த பிறகு அக்காவும் நானும் பதிவு அலுவலகத்தில் போய் எங்கள் பங்கைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்தோம். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். நான் தமிழ் ஆசிரியை. அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

எங்களுக்கு அருகிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லாப் பாடப்புத்தகமும் புகழ்கிறது. 919, 921 ஆண்டுகளின் குடவோலை முறை. ஓலையில் பேர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். நிலம் உள்ளவனுக்குத்தான் சபையில் குரல் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பெண்ணுக்கு அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சட்டம் கொடுத்த நிலத்தையும் நாங்கள் எழுதிக்கொடுத்தோம். பொறுமை எங்களுக்குத் தாய்வழிச் சொத்தாக வந்தது, கழனி தந்தைவழியாகத் தம்பிக்குப் போனது. தாங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருந்தால் அக்கா என்ன செய்திருப்பாள் என்பது இதுவரை யாரும் செய்துபார்க்காத சோதனை.

தை பிறந்தது. பார்வேட்டைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வரதராசர் மலைக்கு வந்து திரும்பினார். தம்பி நவரைக்கு வேறு ரகம் போடுவதென்று முடிவுசெய்து நாற்றங்காலைத் தயார் செய்துகொண்டிருந்தான். அக்கா வரப்பில் நின்று, "ஆத்துப் பக்கம் அரை ஏக்கரை எங்க ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுடா" என்றாள். ரெண்டு பேர் என்று அவள் சொன்னது தன்னையும் மகளையும். தம்பி மண்வெட்டியைக் கீழே வைத்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வழக்கு வைப்பதா, பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுப்பதா என்று மகள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஒருநாள் ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவள் என்னிடம் கேட்டாள்: "சித்தி, நீங்கல்லாம் அந்தக் காலத்துலயே எப்படி எதிர்த்து நின்னீங்க?"

கம்மலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். செங்கல்பட்டு ரயில் வந்து போய்விட்டது. அடுத்த ரயில்வரை உட்கார்ந்து கேட்டாள்.